தவளை மேல் ஏறிய அரசர்

அவர் அரசரானதற்கு ஒரே காரணம், அங்கி அவருக்கு அளவாக இருந்தது. பரம்பரை, போர், வாரிசுச் சண்டை என்று வேறு எதையாவது எதிர்பார்த்து உட்கார்ந்திருப்பவர்கள் இப்போதே எழுந்து போய்விடலாம்.

ஊருக்கு வெளியே, பேருந்து திரும்பும் இடத்தில், மாய உலகம் என்று பெரிய பலகை வைத்த கேளிக்கைப் பூங்கா ஒன்று திறக்க இருந்தது. சுற்றும் கோப்பைகள், தண்ணீர்ச் சறுக்கு, ஒரு கோட்டை, கோட்டைக்குள் தர்பார், தர்பார் வாசலில் புகை கக்கும் டிராகன். நம்மாள் அங்கே அரசராக வரவில்லை, பெயிண்ட் அடிக்க வந்தார். ஒட்டுப்பலகையில் செய்த சிம்மாசனத்துக்குத் தங்க நிறம் பூசுவது அவர் வேலை. அரசராக நடிக்க நாடகக் கம்பெனியிலிருந்து கூட்டி வந்திருந்த ஆள், தாடி ஒட்டும் பசை ஒத்துக்கொள்ளாமல் முகமெல்லாம் தடித்துப்போய், திறக்கிற அன்று காலையில் சொல்லாமல் கொள்ளாமல் ஓடிவிட்டார். மேனேஜர் தலையில் கை வைத்துக்கொண்டு தர்பாருக்குள் வந்தபோது, பெயிண்ட் காய்ந்துவிட்டதா என்று பார்ப்பதற்காக நம்மாள் சிம்மாசனத்தில் உட்கார்ந்திருந்தார். மேனேஜர் மேலும் கீழும் பார்த்தார். மூக்கு எடுப்பாக இருந்தது. ஆள் நல்ல உயரம். அங்கியை எடுத்து மேலே போட்டுப் பார்த்தார். அவருக்கென்றே தைத்தது போல் இருந்தது. இன்றைக்கு ஒரு நாள் சமாளியுங்கள் என்றார். அந்த ஒரு நாள் இன்னும் முடியவில்லை.

கையைத் தூக்கி ஆட்ட வேண்டும், வாயைத் திறக்கக் கூடாது என்பதுதான் அன்றைக்கு அவருக்குச் சொல்லிக்கொடுத்தது. மத்தியானம் வரைக்கும் ஒழுங்காக ஆட்டினார். அப்புறம் ஒரு சிறுவன் கூட்டத்தைப் பிளந்துகொண்டு ஓடிவந்து, அண்ணன் என் பந்தைப் பிடுங்கிக்கொண்டான் என்று அவர் முழங்காலைக் கட்டிக்கொண்டு ஓவென்று அழுதான். ராஜா என்று நம்பி வந்து அழுகிற பிள்ளையைப் பார்த்துக் கையை ஆட்டிக்கொண்டிருந்தால் நன்றாகவா இருக்கும்? அண்ணனைக் கூப்பிட்டார். இரண்டு பேர் சொல்வதையும் கேட்டார். பந்து தம்பியுடையதுதான், ஆனால் அதைச் சாக்கடையிலிருந்து எடுத்துக் கழுவியது அண்ணன் என்று தெரியவந்தது. பந்து தம்பிக்கு, முதல் உதை அண்ணனுக்கு என்று தீர்ப்புச் சொன்னார். சொன்னவர், எங்கேயோ கேட்ட ஞாபகத்தில் வலக்கையை உயர்த்தி, “விடை தந்தோம்” என்றார். கூட்டம் தட்டிய தட்டில், டிராகன் வயிற்றுக்குள் தூங்கிக்கொண்டிருந்த ஆள் திடுக்கிட்டு எழுந்து, வேளை கெட்ட வேளையில் புகையை விட்டார்.

மறுநாளே வாசலில் ஒரு மணி கட்டிவிட்டார்கள். எந்தப் பிள்ளையும் அதை அடிக்கலாம், அடித்தால் அரசர் கேட்டே தீர வேண்டும். அக்கா ஜன்னல் ஓர இடத்தைத் தரமாட்டேன் என்கிறாள், அப்பா நாய்க்குட்டி வாங்கித் தருவதாகச் சொல்லிவிட்டு மீன் வாங்கி வந்தார் என்று வழக்குகள் குவிந்தன. பொய் சொன்னதாகத் தெரிந்தால் மட்டும் ஒரு தண்டனை உண்டு. சிம்மாசனத்துக்குப் பக்கத்தில் பச்சை நிறத்தில் ஒரு பிளாஸ்டிக் தவளை இருந்தது. மிதித்தால் கத்தும். பொய் சொன்னவர் அதன் மேல் ஏறி நின்று, உள்ளது உள்ளபடி எல்லார் காதிலும் விழுகிற மாதிரி சொல்ல வேண்டும். சொல்லி முடித்ததும் தர்பாரே கைதட்ட வேண்டும். தவளையில் ஏறியவர்கள் அழுதுகொண்டு ஏறினாலும் இறங்கும்போது சிரித்துக்கொண்டுதான் இறங்கினார்கள். இந்தச் சட்டத்தைப் போட்டவர் நம் அரசர்தான்.

அவருக்கும் சட்டம் உண்டு. கிரீடம் தலையில் இருக்கும்வரை அரசர் அரசர்தான். மேனேஜரே வந்தாலும் அரசே என்றுதான் கூப்பிட வேண்டும். பிள்ளைகள் முன்னால் கிரீடத்தைக் கழற்றுவதோ, இது ஒட்டுத்தாடி, இது பசை என்று உளறுவதோ கூடவே கூடாது. மந்திரவாதி வேஷம் போட்டவர் ஒருமுறை ஒரு குழந்தையிடம் தன் தாடி பஞ்சுதான் என்று சொல்லப்போக, அன்று சாயங்காலமே அவரை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். ராணிகள் வருவார்கள், நல்ல வேலை கிடைத்ததும் போய்விடுவார்கள். அரசரும் டிராகன்காரரும் மட்டும் அசையவில்லை.

வெளியே வந்தால்தான் வம்பு. அங்கியைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டால், கன்னத்தில் பசைத் திட்டுகளோடு பேருந்துக்கு நிற்கும் ஒரு நெட்டை மனிதர். அவ்வளவுதான். தெருமுனைக்கு வந்தால் இஸ்திரிக்காரர் ஆரம்பிப்பார்: “என்ன மகாராஜா, நடந்தே வர்றீங்க? ரதம் ரிப்பேரா?” கேலியில் விஷம் கிடையாது. ஆனாலும் அவருக்கு முதுகு கூனிப்போகும். சிம்மாசனத்தில் யாருக்கும் அஞ்சாதவர், தன் தெருவில் சுவரோரமாக நடப்பார்.

அவர் மனைவி வீட்டிலேயே தையல் வேலை செய்பவர். ஒரே மகள். ஐந்து வயதில் அவளுக்கு அப்பா நிஜமான அரசர். சாயங்காலம் மாடிப்படி வளைவில் காத்திருப்பாள். அவர் தலை தெருவில் தெரிந்ததும், தொண்டை கிழிய, “அரசர் வர்றார், வழி விடுங்க!” என்று கத்துவாள். அவர் இரண்டிரண்டு படியாகத் தாவி ஏறி வந்து அவள் வாயைப் பொத்துவார். மெதுவா, எல்லாரும் பார்க்கிறாங்க என்பார். பிள்ளை கொஞ்ச நாள் மெதுவாகச் சொல்லிப் பார்த்தது. மெதுவாகச் சொல்வதில் ஒரு சுகமும் இல்லை என்று கண்டுகொண்டு, பிறகு விட்டுவிட்டது.

அந்த மகள் வளர்ந்து, ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலைக்குச் சேர்ந்தாள். பக்கத்து மூக்குக்கண்ணாடிக் கடைக்காரருக்கு அவளைப் பிடித்தது, அவளுக்கும் அவரைப் பிடித்தது. பெரியவர்களைக் கூட்டிக்கொண்டு வந்து பேசுவதாக ஏற்பாடு.

இங்கேதான் கோளாறு நடந்தது. அரசரின் மனைவி ஏற்கெனவே ஒருமுறை சூடுபட்டவர். முன்பு பேச வந்த குடும்பம், பெண்ணின் அப்பா அரசர் வேஷம் போடுகிறார் என்றதும் டீக் கோப்பைக்குப் பின்னால் சிரித்தார்கள். போனவர்கள் திரும்பவே இல்லை. ஆகவே கண்ணாடிக்காரரின் அப்பா, பெண்ணோட தகப்பனாருக்கு என்ன வேலை என்று கேட்டதும், அந்த அம்மாள் முந்திக்கொண்டு, “பூங்காவுல நிர்வாகத்துல இருக்கார்” என்றார். அரசர் வாயில் பிஸ்கட் இருந்தது. மறுத்துச் சொல்ல வசதியில்லை என்று வேண்டுமானால் வைத்துக்கொள்ளலாம். ஆனால் தலையை ஆட்டினாரே, அதற்கு என்ன சொல்வது? உண்மை தெரிந்த கண்ணாடிக்காரர் திகைத்துப்போய்ப் பெண்ணைப் பார்த்தார். அவள் டீத் தட்டைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

பொய்யைச் சொல்வதற்கு அதைவிட மோசமான ஆளை அவர்கள் தேடிப் பிடித்திருக்க முடியாது. கண்ணாடிக்காரரின் அப்பா ஓய்வுபெற்ற எடை இன்ஸ்பெக்டர். கடை கடையாகப் போய்த் தராசையும் எடைக்கல்லையும் சோதித்து, சரியாக இருந்தால் முத்திரை போட்டு, தப்பாக இருந்தால் தூக்கிக்கொண்டு போகிற உத்தியோகம். உங்கள் கைக்குக் கீழே எத்தனை பேர் என்று அவர் விசாரித்தார். அரசர், “ஒரு மந்திரி…” என்று ஆரம்பித்துவிட்டு, இருமி, நாலைந்து பேர் இருப்பார்கள் என்று சமாளித்தார். அதுகூடப் பரவாயில்லை. நாங்கள் கிளம்புகிறோம் என்று அவர்கள் எழுந்தபோது, ஆண்டாண்டுப் பழக்கம், அரசரின் வலக்கை தானாக உயர்ந்தது. “விடை தந்தோம்” என்று வாய் தானாகச் சொன்னது.

இன்ஸ்பெக்டர் வாசலில் செருப்பை மாட்டியபடியே ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டுப் போனார். இரண்டொரு நாளில் பூங்கா வாசலுக்கே வந்துவிட்டார். நிர்வாகத்தில் இன்னாரைப் பார்க்க வேண்டும் என்றார். வாயில்காவலர் பாவம், நல்ல எண்ணத்தில், அப்படி நிர்வாகத்தில் யாரும் இல்லையே, ஓ, நம்ம அரசரைக் கேட்கிறீர்களா என்று முகம் மலர்ந்து சொல்லிவிட்டார்.

அன்று ராத்திரி போன் வந்தது. இன்ஸ்பெக்டர் கோபமாகப் பேசவில்லை. “வேஷம் போடுறது ஒரு குறையே இல்லைங்க. நேரா சொல்லியிருந்தா நானே பேரப்பிள்ளைங்களைக் கூட்டிட்டு வந்து பார்த்திருப்பேன். ஆனா பொய் எடை காட்டுற தராசுக்கு நான் முத்திரை போட்டதில்ல” என்றார். அத்துடன் பேச்சு முறிந்தது.

மகள் அழவில்லை. அழுதிருந்தால் தேவலை. அப்பாவுக்கு எதிரே வந்து உட்கார்ந்தாள்.

“அப்பா, நீங்க அரசர்னு தெரிஞ்சு அவங்க வேண்டாம்னு சொல்லியிருந்தா நான் சிரிச்சிட்டுப் போயிருப்பேன். இங்க நீங்களே உங்களை வேண்டாம்னு சொல்லிட்டீங்களே.”

 மறுநாள் அரசர் மன்னிப்புக் கேட்கலாம் என்று இன்ஸ்பெக்டர் வீட்டு வாசல்வரை போனார். அழைப்புமணிக்குக் கையை நீட்டினார். கிரீடம் இல்லாத தலையில் ஒரு வார்த்தையும் உதிக்கவில்லை. நீட்டிய கையை மடக்கிக்கொண்டு திரும்பி வந்துவிட்டார். கண்ணாடிக்காரரோ அப்பாவின் பேச்சைத் தட்டவும் முடியாமல், அவளை விடவும் முடியாமல் திண்டாடினார்.

பள்ளி விடுமுறை வந்தது. தர்பாரில் எள் போட்டால் எள் விழாத கூட்டம். மாலையில் மணி அடித்தது. பொன் நிறக் கதவு திறந்து, முன்பல் இரண்டும் விழுந்த ஒரு சிறுமி தனியாக நடந்து வந்தாள்.

“குற்றம் யார் மேல்?” என்று அரசர் கம்பீரமாகக் கேட்டார்.

“எங்க தாத்தா மேல.”

கூட்டம் சிரித்தது. தாத்தா அப்படி என்ன செய்துவிட்டார் என்று அரசர் கேட்டார்.

“எங்க சித்தப்பா கல்யாணத்தை நிறுத்திட்டார். சித்தப்பா சரியாவே சாப்பிடறதில்ல. கடையில ஒருத்தர் கண்ணாடியை இன்னொருத்தருக்கு மாத்திக் குடுத்துடறார். கேட்டா, அந்த அக்காவோட அப்பா பொய் சொல்லிட்டார்னு தாத்தா சொல்றார். அக்காவோட அப்பா பொய் சொன்னா சித்தப்பாவை ஏன் அழ வைக்கணும்?”

அரசருக்கு அங்கிக்குள் வேர்த்துக் கொட்டியது. தலையை நிமிர்த்திப் பார்த்தார். கடைசித் தூணுக்குப் பின்னால், மடக்கிய குடையோடு இன்ஸ்பெக்டர் நின்றிருந்தார். பேத்தியின் பிறந்தநாள். நச்சரிப்புத் தாங்காமல் வந்தவர், கூட்டத்தோடு கூட்டமாகப் பின்னால் நின்றுகொள்ளலாம் என்று நினைத்திருக்கிறார். கையைப் பிடித்திருந்த பிள்ளை எப்போது நழுவி மணியடிக்கப் போனதென்று அவருக்கே தெரியாது. சிம்மாசனத்தில் இருப்பது யாரென்று அவருக்குத் தெரியும். பிள்ளைக்குத் தெரியாது.

பக்கத்தில் நின்ற மந்திரி வேஷக்காரர் குனிந்து, பெரியவர்கள் வழக்கு நம் எல்லையில் வராது என்று சொல்லித் தள்ளிவிடலாமே என்று காதைக் கடித்தார். தள்ளியிருக்கலாம். அதைவிடச் சுலபமான வழியும் இருந்தது. கல்யாணத்தை நடத்தி வைக்கும்படி அரச கட்டளை என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், இத்தனை பிள்ளைகளும் கைதட்ட, அந்த மனிதர் நடுவில் மாட்டிக்கொண்டு முழிப்பார். அரசருக்கு ஒரு கணம் நாக்கு அரிக்கத்தான் செய்தது. ஆனால் ஒரு தரப்பை மட்டும் கேட்டு அவர் எந்நாளும் தீர்ப்புச் சொன்னதில்லை. தாத்தாவை முன்னால் வரச் சொன்னார்.

இன்ஸ்பெக்டர் குடையை ஊன்றிக்கொண்டு வந்து நின்றார். உங்கள் தரப்பு என்ன என்று அரசர் கேட்டார். 

“பொய் சொன்னது உண்மைங்க. நானே போய் விசாரிச்சேன். வேற ஒண்ணும் எனக்குச் சொல்றதுக்கு இல்ல.”

அந்த அப்பா இதோ உட்கார்ந்திருக்கிறாரே என்று கையை நீட்டியிருக்கலாம். இத்தனை பேர் முன்னால், நீட்டவில்லை. பிள்ளைகளின் அரசரை அவர் காப்பாற்றிக் கொடுத்துவிட்டார். அது அரசருக்குப் புரிந்தது. இந்த மனிதர் முன்னால் இனி ஒரு நிமிஷமும் ஒளிந்துகொண்டிருக்க முடியாது என்று தோன்றிவிட்டது.

“தாத்தா மேல் குற்றமில்லை” என்றார். சிறுமியின் உதடு பிதுங்கியது. “குற்றம் பெண்ணின் தகப்பன் மேல். பொய் சொன்னவனுக்கு இந்த தர்பாரில் என்ன தண்டனை?”

“தவளை!” என்று கோட்டையே அதிர்ந்தது.

“அப்படியானால் அவன் ஏறட்டும்.”

யார் அது, எங்கே அது என்று எல்லாரும் திரும்பித் திரும்பிப் பார்த்தார்கள். அரசர் சிம்மாசனத்தை விட்டு எழுந்தார். வழக்கு நேரத்தில் அவர் எழுந்து யாரும் பார்த்ததில்லை. அங்கியை ஒரு கையால் தூக்கிப் பிடித்துக்கொண்டு, படியிறங்கி வந்து, தவளையின் மேல் காலை வைத்தார். அது குரல்வளை நெரிந்தாற்போல் கத்தியது. யாரும் சிரிக்கவில்லை. பின்வரிசையில் சோளப்பொரி வண்டியருகே நின்ற மேனேஜருக்கு, வீட்டுக்கு அனுப்பிய மந்திரவாதி ஞாபகத்துக்கு வந்தார்.

“இந்தப் பிள்ளையின் சித்தப்பாவுக்குப் பேசிய பெண் என் மகள். பொய் சொன்ன தகப்பன் நான்” என்றார் அரசர்.

பிள்ளைகளில் ஒருவரும் அதிசயப்படவில்லை. அரசர் என்றால் மகள் இருக்காதா என்ன? மேனேஜர் பிடித்து வைத்திருந்த மூச்சை விட்டார். ஒரு சட்டமும் உடையவில்லை.

“என்ன வேலை என்று கேட்டார்கள். அரசன் என்று சொல்ல வெட்கப்பட்டேன்.”

முன்வரிசையில் ஐஸ்கிரீமை நக்கிக்கொண்டிருந்த ஒரு பொடியன் நிமிர்ந்து பார்த்தான். “ராஜாவா இருக்கறதுக்கு எதுக்கு வெட்கம்?” என்றான். நிஜமாகவே அவனுக்கு அது விளங்கவில்லை.

அரசர் அவனையே பார்த்தார். தர்பாருக்கென்று வைத்திருந்த தமிழ் எங்கோ போய்விட்டது.

“தெரியலப்பா. இத்தனை வருஷமா நானும் யாரையும் கேட்கல. நீதான் முதல்ல கேட்டிருக்க.” அங்கியின் கையால் மூக்கைத் துடைத்துக்கொண்டார். பிறகு நிமிர்ந்தார். கடைசித் தூண் வரைக்கும் கேட்கிறாற்போல் சொன்னார்: “நான் அரசன். தினமும் இங்க உட்கார்ந்து நீங்க கொண்டு வர்ற வழக்கைக் கேக்கறேன். அதுதான் என் வேலை. இதைவிட நல்ல வேலை எனக்குத் தெரியாது. என் மகளுக்கு அப்பா யாருன்னு கேட்டா இதைத்தான் சொல்லியிருக்கணும். சொல்லாதது தப்பு.”

கைதட்டல் எப்போது ஆரம்பித்தது என்று தெரியவில்லை. பிள்ளைகள் தட்டினார்கள், தூக்கி வைத்திருந்த அப்பாக்கள் தட்டினார்கள், மந்திரி தட்டினார். தவளையின் மேலே நின்றபடி அரசர் சிறுமியைப் பார்த்து, வழக்கப்படி, நியாயம் சரியா என்று கேட்டார். அவள் லேசில் விடுகிற பிள்ளையா?

“தாத்தா இன்னும் ஒண்ணும் சொல்லல” என்றாள்.

இன்ஸ்பெக்டர் குடையைப் பேத்தி கையில் கொடுத்துவிட்டுத் தவளையருகே வந்தார். அரசர் இறங்குவதற்குக் கையை நீட்டினார்.

“முதல்ல இறங்குங்க, அது உங்களைத் தாங்காது.” இறங்கிய பிறகும் கையை விடவில்லை. “தராசு தப்பா இருந்தா நாங்க உடைச்சுப் போடறதில்லைங்க. சரி பண்ணிக் கொண்டு வந்தா முத்திரை போட்டுத்தான் அனுப்புவோம்.” பிறகு ஒரு அடி பின்னால் போய், தலையைக் குனிந்தார். “அரசே, விடை கொடுங்க. வீட்டுக்குப் போய்க் கல்யாணத் தேதி பேசணும்.”

அரசரின் வலக்கை உயர்ந்தது. வார்த்தை மட்டும் வரவில்லை. உதடு துடித்தது, தாடி ஆடியது, சத்தம் எழும்பவே இல்லை. ஒரு கணம் பார்த்த பிள்ளைகள், இது என்ன பெரிய விஷயம் என்று, எல்லாருமாகச் சேர்ந்து அவருக்காகச் சொல்லிவிட்டார்கள்: “விடை தந்தோம்!” டிராகன் வாசலில் புகையாகக் கக்கியது. இந்தத் தடவை தூக்கக் கலக்கம் இல்லை. உள்ளே டிராகன்காரர் விசும்பிக்கொண்டே பொத்தானை அழுத்திப் பிடித்திருந்தார்.

ஒப்பனை அறைக்கு மேனேஜர் வந்தார். அரசர் இன்னும் கிரீடத்தைக் கழற்றவில்லை. திட்டத்தான் வந்திருக்கிறார் என்று எழுந்து நின்றார். மேனேஜர் தலையைச் சொறிந்துகொண்டு, “அரசே, அந்தத் தவளைக்குக் கீழ ரெண்டு இரும்புக் கம்பி குடுத்துடலாமா? இனிமே யார் யார் ஏறுவாங்களோ” என்றார்.

அன்று பேருந்தில் அவருக்கு உட்கார இடம் கிடைக்கவில்லை. கிடைத்திருந்தாலும் உட்கார்ந்திருப்பாரா என்பது சந்தேகம். கன்னத்துப் பசையைக்கூடத் துடைக்கவில்லை. தெருமுனையில் இறங்கியபோது, வழக்கம்போல் கால் சுவரோரமாகத் திரும்பியது. இஸ்திரிக்காரர் பெட்டியைத் தூக்கி வைத்துவிட்டு, ரதத்தைப் பற்றிக் கேட்க வாயைத் திறந்தார்.

அதற்குள் மாடிப்படி வளைவிலிருந்து ஒரு குரல் வந்தது. கண்ணாடிக்காரர் போனில் எல்லாவற்றையும் சொல்லியிருக்கிறார். வேலை பார்க்கிற பெண், கல்யாணம் ஆகப்போகிற பெண், கைப்பிடிச் சுவரில் எம்பிக்கொண்டு, தொண்டை கிழியக் கத்தினாள்.

“அரசர் வர்றார், வழி விடுங்க!”

ஜன்னல்கள் திறந்தன. தையல் மெஷினை விட்டு எழுந்த அவர் மனைவி, அளவு நாடா கழுத்தில் தொங்க, பால்கனிக்கு ஓடி வந்தார். மளிகைக் கடையில் நின்றவர்கள் திரும்பினார்கள். எல்லாரும் பார்த்தார்கள்.

அவர் தாவி ஓடவில்லை. அவள் வாயைப் பொத்தவில்லை. சுவரை விட்டு விலகி, தெருவின் நடுவுக்கு வந்தார். முதுகை நிமிர்த்தினார். இஸ்திரிக்காரர் வண்டியை ஓரமாகத் தள்ளி வழிவிட்டார். அவரைப் பார்த்து வலக்கையை லேசாக உயர்த்திவிட்டு, அரசர் மெதுவாக, மிக மெதுவாக, வீட்டுக்கு நடந்தார்.